தோஹாவிலிருந்து எது பக்கம்

ஆகஸ்ட் 9

கல்விக் கடன் கொடுத்த வங்கி ஒரு டைரியும் கொடுத்தது. ஜனவரியில் கொடுத்துத் தீர்ந்தது போக மிச்சம் கிடந்திருக்கும். கடனுக்கு வட்டி உண்டு, டைரிக்கு இல்லை. எழுதிப் பார்க்கலாம்.

டொரண்டோ போகும் தமிழ் மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் இன்று ஓர் அறிவிப்பு: 'ஆகஸ்ட் 28, சென்னை – தோஹா – டொரண்டோ. அப்பா தனியாக வருகிறார். வயது 76. ஆங்கிலம் தெரியாது. அதே விமானத்தில் வருபவர் யாரேனும் துணையாக வர முடியுமா? என் வீட்டின் கீழறையில் வாடகையில்லாமல் தங்க இடம் தரப்படும்.'

இந்தக் குழுவில் தினமும் இப்படி ஒன்று வரும். அம்மாவுக்குத் துணை, மாமியாருக்குத் துணை. பெற்றவர்களைப் பார்சலாக அனுப்பிவைக்க ஆள் தேடுகிறார்கள். கௌரவமாக இருக்கட்டும் என்று துணை என்கிறார்கள்.

என் டிக்கெட்டும் அதே விமானத்தில்தான். எழுதினேன். எந்த ஊர் என்று கேட்டார். கோவில்பட்டி என்றேன். உடனே போன் வந்தது. பேசப் பேசத்தான் தெரிந்தது, அவர் தினகரன். செண்பகமூர்த்தி முதலாளியின் ஒரே மகன். தண்டட்டி மார்க் தீப்பெட்டி. அந்தத் தீப்பெட்டி ஆபீசில்தான் என் அம்மா ஒன்பது வயதிலிருந்து குச்சி அடுக்கினாள். ஆபீசை மூடிய பிறகு அவர் வீட்டில் பாத்திரம் கழுவுகிறாள்.

நான் யார் மகன் என்று சொன்னேன்.

"கனி மகனா? காளிராஜ்தான? நல்லதாப் போச்சுப்பா. தெரிஞ்ச பையன்."

அறை அறைதான். சம்மதம் என்றேன்.

ஆகஸ்ட் 10

அம்மாவிடம் சொன்னேன். முதலில் நம்பவில்லை. பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"முதலாளியக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகப் போறியா நீயி?"

"ஏன், கை கருகிருமா?"

"வாயக் குறைய்யா. அவுக முன்னாடி இப்பிடிப் பேசிராத." பிறகு மெதுவாகக் கேட்டாள். "எம்புட்டுத் தூரம்யா அது?"

நான் ஏற்கெனவே தேடிப் பார்த்திருந்தேன். நேர்கோட்டில் பதின்மூன்றாயிரம் கிலோமீட்டருக்கு மேல். தோஹா சுற்றிப் போனால் இன்னும் கூடுதல். இவள் அதிகபட்சம் திருச்செந்தூர் வரை போயிருக்கிறாள். கிலோமீட்டரைச் சொல்லவில்லை.

"சென்னையில ஏறுனா இருபத்திரெண்டு மணி நேரம்."

"ஒரு நாளுகூட இல்லையா? அப்பப் பரவால்ல. நான் என்னமோ கப்பல்ல போற மாதிரி நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

இட்லிக்கு மாவு கரைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "அங்கேருந்து நீ போன்ல பேசுனா, எனக்கு இங்க வந்து சேர எம்புட்டு நேரமாகும்?" என்றாள்.

"உடனேம்மா."

"அப்பச் சரி."

ஆகஸ்ட் 14

முதலாளி வீட்டுக்குப் போனேன். கிணற்றடிக்கு வந்த பிறகுதான் பின்பக்கச் சந்து வழியாக வந்திருக்கிறேன் என்று உறைத்தது. பட்டம் வாங்கியவன், விசா கிடைத்தவன், கால் தானாகப் பின்வாசலுக்குப் போகிறது. இருபத்துநாலு வருடப் பழக்கம். திரும்பிச் சுற்றிப் போய் முன்வாசலில் அழைப்பு மணி அடித்தேன்.

அம்மாவே வந்து திறந்தாள். பதறிப்போய் முறைத்தாள்.

முதலாளி கூடத்தில் புது ஷூவை மாட்டிப் பழகிக்கொண்டிருந்தார். கயிறு கட்டத் தெரியவில்லை. குனிந்து கட்டிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. நான் குனியவில்லை.

"வாப்பா. நீதான் தொணைக்கு வாரியாமே. கனி சொன்னா."

"ஆமா சார்."

"சாரா? நான் என்ன வாத்தியாரா?"

"பரவால்ல சார்."

அவர் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

நடுவில் இறங்கி டீ குடிக்கலாமா என்று கேட்டார். தோஹாவில் குடிக்கலாம் என்றேன். விமானத்தில் ஜன்னல் திறக்குமா என்றார். எத்தனை நாளைக்குப் போகிறீர்கள் என்று நான் கேட்டேன்.

"நாலு மாசம். டிசம்பர் கடைசியில வந்துருவேன். பொங்கலுக்கு இங்க இருக்கணும்லா. ஏ கனி, கருவேப்பிலைக்குத் தண்ணி ஊத்த மறந்துறாத. அதுபாட்டுக்குப் பட்டுப்போகும்."

"சரிங்க முதலாளி" என்று அடுப்படியிலிருந்து சொன்னாள். வெளியே வரவில்லை.

ஆகஸ்ட் 17

அம்மா நான்கு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. இன்று பிடித்து உட்காரவைத்துக் கேட்டேன்.

முதலாளியின் வீட்டை விற்றாயிற்று. ஆபீஸ் குத்தகைக்கு என்று சொல்லி இரண்டு வருடத்துக்கு முன் தினகரன் அவரிடம் பவர் எழுதி வாங்கியிருக்கிறார். அதை வைத்து விற்றிருக்கிறார். வாங்கியது ஒரு ஜவுளிக்கடைக்காரர். இடித்துவிட்டு மூன்று மாடி எழுப்பப்போகிறார். நாங்கள் விமானம் ஏறும் நாள் சாயங்காலம் அவருடைய ஆள் வருவான், அம்மா சாவியைக் கொடுக்க வேண்டும். பாத்திரங்களை அம்மாவே வைத்துக்கொள்ளலாம்.

"திரும்பி வார டிக்கெட்டு?"

"அதெல்லாம் போடலையாம். அங்கயே இருக்கட்டும்ட்டாரு சின்ன முதலாளி. இங்க தனியாக் கெடந்து விழுந்துவச்சா யாரு பாக்கன்னு கேக்காரு. அதுவும் ஞாயம்தானய்யா. ரெண்டு தடவ நெஞ்சுவலி வந்துருக்கு."

"அதச் சொல்லிட்டுச் செய்ய வேண்டியதுதான?"

"சொன்னா வரமாட்டாக."

இரவு தினகரனும் என்னிடம் போனில் பேசினார். நிதானமான குரல். அப்பாவுக்கு எதுவும் தெரியாது, வந்து இறங்கியதும் பக்குவமாக நாங்களே சொல்லிக்கொள்கிறோம், நீ வழியில் வாய்விட்டுவிடாதே. "அறை ரெடியா இருக்கு தம்பி. அதப்பத்திக் கவலப்படாத" என்று முடித்தார். வாய்விட்டுவிடாதே என்பதையும் அறை ரெடி என்பதையும் அடுத்தடுத்துச் சொன்னார்.

அம்மாவும் அதையே சொன்னாள். "நீ சொல்லிராதய்யா. வழியில ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருச்சுன்னா?"

எனக்கு என்ன வந்தது. பிள்ளைகளை விடிவதற்கு முன் வேனில் அள்ளிக்கொண்டு போய் வேலை வாங்கியவர். அவரை இப்போது அவர் பிள்ளை அள்ளிக்கொண்டு போகிறான்.

ஆகஸ்ட் 19

டாலர் மாற்றினேன். ஸ்வெட்டர் வாங்கினேன். திருநெல்வேலியில் ஸ்வெட்டர் கேட்டால் கடைக்காரன் சிரிக்கிறான்.

ஆகஸ்ட் 22

பெட்டி கட்டினோம். பருப்புப்பொடி, கடலை மிட்டாய், ஊறுகாய். எடை கூடிவிட்டது. அம்மா ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தாள். வைத்த பிறகு கடலை மிட்டாயை மட்டும் திரும்ப உள்ளே செருகினாள்.

அடியில் என் பழைய பள்ளிக்கூட நோட்டு ஒன்று அகப்பட்டது. தண்டட்டி மார்க் லேபிள் தாளில் அட்டை போட்டது. வெட்டாத தாளில் ஒரே பெண் நாற்பது தடவை. காது தோள்வரை தொங்கும், தண்டட்டி ஆடுகிற மாதிரி வரைந்திருப்பார்கள். சின்னப் பையனாக இருந்தபோது அது என் அத்தை என்று நினைத்திருந்தேன். பள்ளி விட்டதும் நேராக ஆபீசுக்குப் போய் அம்மா உட்கார்ந்திருக்கும் பலகைக்குக் கீழே படுத்துக்கொள்வேன். மெழுகும் தீக்குச்சி மருந்தும் கலந்த வாசனை. மேலே நாற்பது ஐம்பது பெண்கள் கட்டையில் குச்சி அடுக்கும் சத்தம் மழை பிடித்துப் பெய்வதுபோல் இருக்கும். அவர்கள் பேசும் கெட்ட வார்த்தையெல்லாம் எனக்கு அப்போதே பாடம். அந்தச் சத்தத்தில் தூங்கியதுபோல் பிறகு எங்கேயும் தூங்கியதில்லை.

எழுதிவிட்டுப் படித்தால் அசிங்கமாக இருக்கிறது. அந்தக் குச்சி அடுக்கித்தான் அம்மாவின் விரல் நுனிகளில் ரேகை இல்லை. ரேஷன் கடையில் கைவைத்தால் இயந்திரம் அவளை அவள் இல்லை என்கிறது. அந்த இடத்துக்காக ஏங்குகிறவனைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"ரெண்டு வருசம்தானய்யா?" என்றாள் பெட்டியை மூடும்போது.

"ரெண்டு வருசம்தான்."

குடியுரிமைக்கு எத்தனை வருடம் ஆகும் என்று கணக்கிட்ட தாள் சட்டைப் பையில் இருந்தது. அம்மா துவைக்கப்போகிற சட்டை. எடுத்துக் கிழித்துப்போட்டேன்.

ஆகஸ்ட் 27, ரயிலில்

அம்மா ஸ்டேஷனுக்கு வந்தாள். முதலாளிக்குத் தண்ணீர் பாட்டில், மாத்திரை டப்பா, எனக்குப் புளியோதரை. அவர் வீட்டுச் சாவியை இடுப்பு வேட்டியிலிருந்து எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"பத்திரம் கனி."

அவள் வாங்கிக்கொண்டு தலையை ஆட்டினாள். ரயில் நகரும்போது என்னைப் பார்க்கவில்லை, சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 28, சென்னை விமான நிலையம்

சோதனையில் முதலாளியின் கைப்பையை நிறுத்திவிட்டார்கள். உள்ளே பனியனில் சுற்றி ஒரு தீப்பெட்டி. தண்டட்டி மார்க். ஆபீஸ் மூடிய அன்று கடைசியாக வந்ததில் ஒன்றாம்.

"உலகத்துல யாராவது தீப்பெட்டியத் தூக்கிட்டு பிளேன்ல வருவாங்களா சார்?"

"தீப்பெட்டி ஆபீஸ்காரன் வேற எதத் தூக்கிட்டு வருவான்?" என்று என்னிடம் எகிறினார். காக்கிச் சட்டைக்காரருக்குத் தமிழ் தெரியவில்லை. முதலாளி அவரிடமும் தமிழிலேயே வாதாடினார். "யோவ், இது நான் செஞ்ச பெட்டிய்யா. நாப்பத்தோரு வருசம் எங்கேயும் தன்னால பத்துனதில்ல. ஒம்ம பிளேன்லயா பத்தப்போகுது?"

பின்னால் வரிசை முணுமுணுத்தது. நான் பாதி இந்தியிலும் பாதி ஆங்கிலத்திலும் கெஞ்சினேன். கடைசியில் குச்சிகளைக் கொட்டிவிட்டு வெறும் கூட்டைக் கொண்டுபோகலாம் என்றார் அவர். முதலாளி குப்பைத் தொட்டியில் குச்சிகளைக் கொட்டினார். கவிழ்க்காமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சரித்தார், பிள்ளைக்கு மருந்து ஊற்றுவதுபோல். கூட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஷூ கயிறு அவிழ்ந்திருந்தது. நேரமாகிவிட்டது, நானே கட்டினேன்.

ஆகஸ்ட் 28, தோஹா

தேதி மாறவில்லை. கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் பின்னுக்குத் தள்ளினேன். பத்தாயிரம் பேர் திரியும் சந்தை மாதிரி ஒரு விமான நிலையம், ஆனால் யாரும் கத்தவில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன். வாயில் வைத்துவிட்டு, "இதுக்கு இம்புட்டு விலையா?" என்று மீதியை எனக்குத் தந்தார். குடித்தேன். அவர் எச்சிலை நான் குடிக்கிறேன் என்பது பிறகுதான் தோன்றியது. எங்கள் வீட்டில் அவர் பச்சைத்தண்ணீர் குடித்ததில்லை.

நன்றாகப் பேசிக்கொண்டுதான் இருந்தோம். ஆபீசில் ஓடிய ரேடியோ, ஆயுத பூஜைக்கு எல்லாருக்கும் கொடுக்கும் பொரி, பலகைக்குக் கீழே நான் தூங்கியது. அவருக்கு அது ஞாபகம் இருக்கிறது. "ஒன் மேல ஒருநா மருந்து சிந்திப்போச்சு. கனி ஒன்னத் தூக்கிக்கிட்டு ஓடுனா பாரு, ஒரு செருப்பு ஆபீஸ்ல கெடந்துச்சு." நானும் சிரித்தேன்.

பிறகு சொன்னார்: "ஒங்கம்மாவ ஒம்பது வயசுல நான்தான் சேத்துக்கிட்டேன். எல்லாரும் சின்னப்பிள்ளைன்னாக. நான் சேக்கலன்னா அந்தக் குடும்பம் பட்டினியில செத்துருக்கும். நன்றியுள்ளவ. அதான் சாவிய அவட்டக் குடுத்திருக்கேன்."

எனக்கு மண்டையில் ஏறிவிட்டது.

"அந்தச் சாவி இன்னிக்கிச் சாயங்காலம் ஜவுளிக்கடைக்காரன் கைக்குப் போயிரும் சார்."

"என்ன சொல்ற?"

எல்லாவற்றையும் சொன்னேன். பவர், விலை பேசியது, இடிப்பது, திரும்பும் டிக்கெட் இல்லாதது. ஒன்றுவிடாமல். சொல்லும்போது நன்றாக இருந்தது.

அவர் கத்தவில்லை. நெஞ்சைப் பிடிக்கவில்லை. எதிரே இருந்த கண்ணாடியில் ஒரு விமானம் பின்னோக்கி நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்கேருந்து எது பக்கம்?"

"எதுக்கு எது சார்?"

"நம்ம ஊரா, தினகரன் ஊரா?"

போனில் பார்த்தேன். "சென்னை மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். டொரண்டோ பத்தாயிரத்துக்கு மேல."

"அப்ப ஊருதான் பக்கம். திரும்பிருவோம்."

அவ்வளவுதான். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஏறச் சொல்லி அறிவித்தார்கள். வரிசை நின்றது, நகர்ந்தது, தீர்ந்தது. எழுந்திருக்கவில்லை. நான் விளக்கினேன்: இங்கிருந்து அப்படித் திரும்ப முடியாது, வேறு டிக்கெட் வேண்டும், செவ்வாய்க்கிழமை என் வகுப்பு ஆரம்பம். "நீ போ. நான் இங்க இருக்கேன்" என்றார். வாசலில் நின்ற பெண் எங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். என் பெயர் அவள் வாயில் வேறு யாருடைய பெயர் மாதிரியோ இருந்தது.

"முதலாளி, எந்திரிங்க" என்றேன். "கோவத்துல சொல்லிட்டேன் முதலாளி. எங்கம்மாவப் பத்திப் பேசவும் வாய்க்கு வந்தத அடிச்சுவிட்டேன். வீடு அங்கதான் இருக்கு. எல்லாம் பொய்."

"பொய்யா?"

"எங்கம்மா சத்தியமாப் பொய் முதலாளி."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரி. பையத் தூக்கு" என்றார்.

ஆகஸ்ட் 28, விமானத்தில்

ஏறியாச்சு.

ஆகஸ்ட் 28, இன்னும் விமானத்தில்

மேற்கே பறப்பதால் பொழுது கூடவே வருகிறது. எவ்வளவு நேரம் போனாலும் பகல்தான், இதே தேதிதான். தூங்க முயன்றேன்.

முன்னிருக்கைத் திரையில் வரைபடம் ஓடுகிறது. முதலாளி சாப்பாட்டைத் தொடாமல் அதையே பார்க்கிறார். இறங்க இன்னும் எத்தனை கிலோமீட்டர் என்று எண் குறைந்துகொண்டே வருகிறது.

"போற தூரத்தத்தான் காட்டுது. வந்த தூரத்த எங்க காட்டும்?"

தேடிப் பார்த்தேன். அமுக்கிப் பார்த்தேன். தெரியவில்லை என்றேன்.

எல்லாரும் என்னிடம் சொல்லாதே என்றார்கள். கடைசியில் சொல்லாத மாதிரியே ஆகிவிட்டது. யாருக்கும் நஷ்டமில்லை.

செப்டம்பர் 3

அறை நன்றாக இருக்கிறது. தரைக்குக் கீழே, கூரையோடு ஒட்டி ஒரு சின்ன ஜன்னல். அதில் புல்லும் போகிறவர்களின் கால்களும் தெரியும். பலகைக்குக் கீழே படுத்திருப்பதுபோல். இங்கே சத்தம்தான் இல்லை.

அம்மா போனில் சாவி கொடுத்த கதையைச் சொன்னாள். "எல்லா ரூமையும் கூட்டிட்டு, பின்கதவ உள்தாப்பா போட்டுட்டேன். முன்வாசல்லதானய்யா பூட்டு. அது வழியாத்தான் வெளிய வரணும். வாசப்படியில நிக்கேன். யாராவது பாத்துருவாகளோன்னு இருக்கு. வீட்டுல ஒரு ஆள் கெடையாது, யாரு பாக்கப்போறா."

கருவேப்பிலைக் கன்று ஒன்றை வேரோடு எடுத்துவந்து எங்கள் வாசலில் வைத்திருக்கிறாளாம்.

"முதலாளிட்டச் சொல்லிட்டாகளா?"

"சொல்லுவாங்க. நான் படிக்கணும், வைக்கட்டா?"

செப்டம்பர் 21

சொல்லவில்லை. பக்குவமான நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தினகரனும் அவர் மனைவியும் விடிந்தால் வேலைக்குப் போகிறார்கள். பேத்திக்கு 'சாப்பிட்டியா தாத்தா' மட்டும் தமிழில் தெரியும். தினம் மூன்று வேளை கேட்கிறாள்.

தினகரன் கெட்டவர் இல்லை. அதுதான் எரிச்சல். பனிக்காலத்துக்கு அப்பாவுக்குக் கோட்டு வாங்கி வந்து தானே மாட்டிவிட்டார், பொத்தான் போட்டார். வாடகை வேண்டாம், நீ பாட்டுக்கு இரு, அப்பாவுக்குப் பேச்சுத்துணையாக இருக்கிறாய் என்றார். இப்போது தோஹா கதையை நான் சொன்னால் அவருக்கு நான் யார்? கிழவருக்கு நான் யார்?

அக்டோபர் 12

வீட்டை இடிக்கிறார்கள். அம்மா பஸ்ஸிலிருந்து பார்த்தாளாம். கூடத்துச் சுவர் மட்டும் நிற்கிறது, அதில் காலண்டர் ஆணி தெரிகிறது என்றாள். போட்டோ எடுக்கச் சொல்லட்டுமா என்றாள். வேண்டாம் என்றேன்.

சாயங்காலம் முதலாளி என் அறைக்கு இறங்கி வந்தார். கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து. கோவில்பட்டியில் இப்போது மணி என்ன என்றார். விடியக் காலை என்றேன். "தண்ணி வார நேரம்" என்றார். கடலை மிட்டாயில் கடைசி இரண்டு இருந்தது. ஒன்றை அவருக்குக் கொடுத்தேன். வெகுநேரம் வாயிலேயே வைத்திருந்தார்.

அக்டோபர் 26

அவரைத் தமிழ்க் கடைக்குக் கூட்டிப்போனேன். கத்திரிக்காய் வாங்க என்று சொன்னார். கத்திரிக்காயைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கல்லாவில் இருந்த அம்மாவிடம் போய், "தாயீ, மெட்ராசுக்கு யாராவது போறாகளா? தொணைக்கு ஆள் வேணும்" என்றார்.

அந்த அம்மா யாழ்ப்பாணத்துக்காரர். "எங்கட ஆக்கள் கொழும்புக்குத்தான் போவினம் ஐயா. சென்னைக்குப் போறவை ஒருத்தரையும் எனக்குத் தெரியேல்ல. ஆருக்கு ஐயா?"

"எனக்குத்தான்."

"அப்ப மகன் வரேல்லையோ?" என்று என்னைக் காட்டினார்.

"மகன் இல்ல. எங்க ஊருப் பையன்."

வெளியே வந்து, டிக்கெட்டைத் தினகரன் பார்த்துக்கொள்வாரே, ஏன் நீங்கள் ஆள் தேடுகிறீர்கள் என்று கேட்டேன். குனிந்து ஷூவைச் சரிசெய்தார். ஷூ கயிற்றை இப்போது அவரே கட்டுகிறார். முடிச்சு மட்டும் ஆபீசில் குச்சிக் கட்டையைக் கட்டுகிற முடிச்சு.

நவம்பர் 2

தேர்வு. எட்டு டிகிரி. அம்மாவிடம் போனில் பேசவில்லை.

நவம்பர் 16

முதல் பனி. ஜன்னலில் கால்கள் தெரியவில்லை, வெள்ளையாக அடைத்துவிட்டது.

மதியம் மேலே யாரும் இல்லை. முதலாளி கோட்டு போட்டுக்கொண்டு இறங்கி வந்தார். மேசைமேல் பாஸ்போர்ட்டையும் அவருடைய வங்கி அட்டையையும் வைத்தார். பக்கத்தில் அந்த வெறும் தீப்பெட்டிக் கூடு.

"எனக்கு ஒரு டிக்கெட்டுப் போடு."

"தினகரன் அண்ணன்கிட்ட..."

"அவங்கிட்ட நேத்தே சொல்லிட்டேன். அழுறான். போனா எந்த வீட்டுல இருப்பீகன்னு கேட்டு எல்லாத்தயும் சொல்லிட்டான். எனக்குத்தான் தெரியுமே."

நான் பாஸ்போர்ட்டை எடுத்துத் திறந்தேன்.

"தோஹாவுல நீ ரெண்டு விதமாச் சொன்ன" என்றார். "ஒண்ணு, சாரு சாருன்னு கூப்பிட்டுச் சொன்னது. இன்னொண்ணு, முதலாளின்னு கூப்பிட்டுச் சொன்னது. ஒங்க வீதியில எல்லாரும் என்னய அப்பிடித்தான் கூப்பிடுவாக. நீ ஒருத்தன்தான் ஒருநாளும் கூப்பிட்டதில்ல. அன்னைக்கு மூணு தடவ கூப்பிட்ட. அப்பவே தெரிஞ்சுபோச்சு எது பொய்யின்னு."

"தெரிஞ்சுமா ஏறுனீங்க?"

"அந்தப் பொம்பளப்பிள்ள கதவச் சாத்திருமோன்னு நீ பாத்துக்கிட்டே நின்ன. ஒனக்குப் பிந்திப்போகும்லா."

மேலே குளிர்பெட்டி ஓடும் சத்தம் கேட்டது.

"நான் சத்தியம் வேற பண்ணேன்."

"கனி மேலதான? அவளுக்கு ஒண்ணும் ஆகாது. கெட்டிக்காரி." பிறகு தீப்பெட்டிக் கூட்டை விரலால் நகர்த்தினார். "அவ வீட்டுல ஒரு கட்டில் போட எடம் இருக்குமா? கேட்டுச் சொல்லு. வேற யாருகிட்டயும் எனக்குக் கேக்க முடியல. அவ முடியாதுன்னா முடியாது. நீ வற்புறுத்தக் கூடாது."

இதற்காக அம்மாவின் விரல்களை நான் மறந்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அதையும் எழுதிவைக்கிறேன். ஒன்பது வயதுப் பிள்ளையைச் சேர்த்துக்கொண்டது உபகாரம் என்று அவர் இன்னும் நம்புகிறார். சாகும்வரை நம்புவார். நானும் அதைக் கேட்டுச் சும்மா இருக்கப்போவதில்லை.

நவம்பர் 17

அம்மாவிடம் கேட்டேன். இணைப்பு அறுந்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன்.

"முடியாதுன்னு சொன்னாலும் ஒண்ணும் இல்லம்மா. அவரே அப்பிடித்தான் சொல்லச் சொன்னாரு. நீ இம்புட்டு நாளு அவருக்குச் செஞ்சது போதும்."

"அதுக்கில்லய்யா. நம்ம கக்கூஸ் வெளியதான இருக்கு. ராத்திரி எந்திரிச்சாகன்னா படி தட்டுமே. ஒரு லைட்டு போடணும்." மறுபடியும் யோசித்தாள். "வீட்டுக்குள்ள கூப்பிடுறதுன்னா, நம்ம தட்டுலதான் சாப்புடணும், நம்ம தம்ளர்லதான் குடிக்கணும். தனியால்லாம் வைக்கமாட்டேன். அதச் சொல்லிரு."

"சொல்லிருதேன்."

"பாத்திரமெல்லாம் அவுக வீட்டுப் பாத்திரம்தான், அது வேற விசயம்" என்று சிரித்தாள். "எத்தன மணி நேரம்னு சொன்ன?"

"இருபத்திரெண்டு. சென்னையிலேருந்து ரயிலு."

"நீயா கூட்டிட்டு வார?"

"இல்லம்மா. ஆள் தேடணும்."

"ஆமா, ஆமா. ஒனக்குப் படிப்பு இருக்கு. ரெண்டு வருசம்னு சொன்னேல்ல."

அடுப்பில் ஏதோ பொங்குகிறது என்று வைத்துவிட்டாள்.

தினகரனிடம் சாயங்காலம் சொன்னேன், தோஹாவையும் சேர்த்து. கேட்டுவிட்டு, மாதக் கடைசிக்குள் வேறு அறை பார்த்துக்கொள் என்றார். சத்தம் போடவில்லை. பார்க்க வேண்டியதுதான்.

குழுவில் இதைப் போட்டிருக்கிறேன்:

'டொரண்டோ – தோஹா – சென்னை, டிசம்பர் முதல் வாரம். எங்கள் ஊர்க்காரர், வயது 76, ஆங்கிலம் தெரியாது. துணைக்கு வருபவர் தேவை. திரும்பி வரமாட்டார் என்பது அவருக்குத் தெரியும். வழியில் எது கேட்டாலும் உள்ளதைச் சொல்லலாம். கைப்பையில் ஒரு காலித் தீப்பெட்டி இருக்கும், சோதனையில் கேட்பார்கள். சென்னையில் கோவில்பட்டி ரயிலில் ஏற்றிவிட்டால் போதும். அங்கே என் அம்மா நிற்பாள்.'